280 சதுர மீட்டர்

ஞாயிறு காலை பத்தரை. கிழக்கு லண்டனில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட். கதவு திறந்தாயிற்று. தள்ளுவண்டிகள் உள்ளே போகின்றன. தக்காளியை அழுத்திப் பார்க்கிறார்கள், முட்டைப் பெட்டியைத் திறந்து உடைசல் தேடுகிறார்கள். எடுக்கலாம், வண்டியில் போடலாம். பதினொரு மணிக்கு முன் பில் மட்டும் போட முடியாது.

பத்து ஐம்பதுக்கெல்லாம் கல்லாக்களின் முன் வரிசை நீண்டுவிட்டது. ஒற்றைப் பால் போத்தலோடு ஒரு முதியவர் நிற்கிறார். சில்லறையைச் சரியாக எண்ணிக் கையில் வைத்திருக்கிறார். கல்லாவிலிருக்கும் இளைஞனிடம் அதை நீட்டுகிறார். அவன் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மெல்லத் தலையசைக்கிறான். முதியவரும் கோபப்படவில்லை, பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். பதினொன்று அடித்ததும் எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் கூவத் தொடங்குகின்றன.

1994இன் ஞாயிறு வணிகச் சட்டம் இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் ஞாயிறன்று காலை பத்துக்கும் மாலை ஆறுக்கும் இடையே தொடர்ச்சியாக ஆறு மணி நேரம்தான் விற்கலாம். உயிர்த்த ஞாயிறன்றும் நத்தாரன்றும் திறக்கவே கூடாது. அதைவிடச் சிறிய கடைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இந்த ஆறு மணி நேரமும் எளிதில் நிலைத்ததல்ல. 1986இல் தாட்சர் அரசு ஞாயிறுக் கட்டுப்பாடுகளை அடியோடு நீக்க மசோதா கொண்டுவந்தது. தேவாலயங்களும் கடைத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து எதிர்த்தன. சொந்தக் கட்சியினரே எதிர்த்து வாக்களிக்க, 14 வாக்கு வித்தியாசத்தில் மசோதா தோற்றது. 2012இல் ஒலிம்பிக்கைக் காரணம் காட்டி எட்டு ஞாயிறுகளுக்குக் கட்டுத் தளர்த்தினார்கள். 2016இல் நேரத்தை நீட்டிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிகளுக்குக் கொடுக்கப் பார்த்தார்கள். 286க்கு எதிராக 317 வாக்குகளில் அதுவும் விழுந்தது. விழுந்ததே நல்லது. மாலை ஐந்தரைக்கு அந்தச் சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்று பார்த்தால் தெரியும். சீருடைக்கு மேல் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஊழியர்கள் வெளியே வருகிறார்கள். வேறெந்த நாளிலும் வெளிச்சம் இருக்கும்போது இத்தனை பேர் சேர்ந்து வீடு திரும்பிக் கண்டதில்லை.

உயிர்த்த ஞாயிறன்று அதே கடையில் இரும்புக் கதவு இறங்கியிருக்கிறது. கூட்டமெல்லாம் பக்கத்துத் தெருவின் தமிழ்க் கடையில். வாசலில் முருங்கைக்காய்க் கட்டு, உள்ளே முன்னூறு வகைச் சாமான், இரண்டு பேர் ஒதுங்க இடமில்லை. முதலாளி ரில்லில் நிற்கிறார். மனைவி அலுமாரியில் பாணை அடுக்குகிறார். இருவரும் விடியமுன் வந்தவர்கள்.

ஞாயிறு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் உரிமையைச் சட்டம் கடைத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. சின்னக் கடையில் சம்பளத்துக்கு நிற்பவருக்கும் அது உண்டு. முதலாளியும் தொழிலாளியும் ஒருவரே என்றால், அவர் யாரிடம் எழுதிக் கொடுப்பார்? பெரிய கடை பூட்டியிருக்கும் இப்படியான நாள்தான் அவருக்கு ஓடும் நாள். கடையைப் பூட்டச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த அம்மாவின் வீங்கிய கால்களும் கண்ணில் படாமல் போகவில்லை.

திருப்பலி முடித்துப் பட்டுச் சேலையோடு ஒரு பெண் வருகிறாள். தேங்காய், கறிவேப்பிலை, ஒரு பொதி அப்பளம்.

"அக்கா, இண்டைக்கு உங்களுக்கு வேலை இல்லையோ?"

"எங்கட சூப்பர் மார்க்கெட் இண்டைக்குப் பூட்டு, தம்பி. பிள்ளையளும் வீட்டில. எல்லாரும் ஒண்டாயிருந்து சாப்பிடப் போறம். நீங்கள் எப்ப பூட்டுவியள்?"

"பத்து மணிக்கு."

"ராவோ?"

"ஓமக்கா, ராவு."

அவள் ஒரு நொடி அவரைப் பார்க்கிறாள். பிறகு உள்ளே திரும்பி, பாண் அடுக்கும் மனைவியிடம் கேட்கிறாள்: "பிள்ளை, நீ இன்னும் சாப்பிடேல்லத்தானே?"