ரெண்டு மோட்டார், எவ்வளவு கரண்ட்?

"அண்ணா, ரெண்டு மோட்டார் வச்ச கார்னா கரண்டையும் ரெண்டு மடங்கு குடிக்கும்ல?" என்று கேட்டான் பூந்தமல்லியில் இருக்கும் சித்தி பையன். கடன் போட்டு கார் வாங்கப்போகிறான். தினமும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போய்வர வேண்டும். சிரித்துத் தள்ளிவிடுகிற கேள்வி இல்லை.

வண்டி ஓட எவ்வளவு சக்தி வேண்டும் என்பதை எடையும் வேகமும் காற்றின் எதிர்ப்பும் தீர்மானிக்கின்றன. மோட்டார்களின் எண்ணிக்கை, வழியில் எவ்வளவு வீணாகிறது என்பதை மாற்றும். செம்புச் சுருளில் வெப்பமாகப் போகும் இழப்பு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே மாதிரியான இரண்டு மோட்டார்கள் சுமையைப் பாதிப்பாதியாகப் பகிர்ந்தால், ஒவ்வொன்றிலும் அந்த இழப்பு கால் பங்கு, கூட்டினால் பாதி. லாபம்தான். ஆனால் இரும்பு உள்ளகத்திலும் பேரிங்கிலும் போகும் இழப்பு, சுமை குறைந்தாலும் அந்த அளவுக்குக் குறையாது. மோட்டார் ரெண்டானால் அந்தச் செலவும் ரெண்டு. சர்வரோடு மல்லுக்கட்டும் எனக்கு இது பழகிய கணக்கு: வேலை இல்லாத சர்வரும் கரண்ட் சாப்பிடும்.

அதனால்தான் சில கார்களில் இரண்டாவதாக இண்டக்‌ஷன் மோட்டார் வைக்கிறார்கள். அதில் நிரந்தரக் காந்தம் இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் அதிகம் இழுக்காமல் சும்மா சுற்றும். தம்பியின் சமதளச் சாலைக்கு ஒன்றே போதும் என்றேன். இரண்டாவது மோட்டார் வேகத்துக்குக் கொடுக்கும் விலை.

ரயிலின் கணக்கு வேறு. ஆவடி லோக்கல் அம்பத்தூரில் கிளம்பும்போது எல்லா மோட்டாரும் சேர்ந்து உறுமும். வேகம் பிடித்ததும் மோட்டார்மேன் பவரை எடுத்துவிடுவார்; சத்தம் அடங்கி, ரயில் தானாக உருளும்.

பெரம்பூர் ஐசிஎஃப் 2018-ல் செய்த முதல் வந்தே பாரத் ரயிலில் 16 பெட்டிகள். அவற்றில் 8 பெட்டிகளுக்குத் தலா 4 என்று 32 மோட்டார்கள். இத்தனை எதற்கு? பல சக்கரங்கள் சேர்ந்து தள்ளினால் தண்டவாளத்தில் வழுக்காது. பிரேக் போடும்போது இன்னொரு லாபம். மோட்டார் உள்ள அச்சுதான் ஜெனரேட்டராக மாற முடியும். அப்படிப்பட்ட அச்சுகள் கூடக்கூட, பிரேக்கில் சூடாகிப் போயிருக்கும் சக்தி மேலே உள்ள கம்பிக்குத் திரும்பும்.

புதிய த்ரீ-ஃபேஸ் லோக்கல்களும் இதைச் செய்கின்றன. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர் என்று நின்று நின்று போகும் பாதைக்கு இது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஒரு ரயில் நிற்கும்போது விடும் சக்தியில், பக்கத்தில் இன்னொன்று கிளம்பிப் போகலாம்.