44 வைத்தும் ஏறாத வேகம்

திங்கள்

இன்டெல் 2011-இல் வெளியிட்ட ஐ5-2500கே பிராசஸரின் அடிப்படை வேகம் 3.3 கிகாஹெர்ட்ஸ். பயாஸில் மல்டிபிளையரை 44 ஆக்கினால், 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தோடு பெருக்கி 4.4 கிகாஹெர்ட்ஸ் வர வேண்டும். வரவில்லை என்று தோன்றினால் முதலில் சோதிக்க வேண்டியது எண்ணைப் பார்க்கும் இடத்தை. விண்டோஸின் சிஸ்டம் பக்கத்தில் பிராசஸர் பெயரோடு வரும் 3.30 என்பது பெயரின் ஒரு பகுதி. எவ்வளவு ஏற்றினாலும் மாறாது. சிபியு-இசட் காட்டும் கோர் வேகமே நம்பத் தகுந்தது. அதிலும் கணினி சும்மா இருக்கையில் மல்டிபிளையர் 16-க்கு இறங்கி, 1.6 கிகாஹெர்ட்ஸ் தெரியும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஸ்பீட்ஸ்டெப்பின் வேலை அது, பழுதல்ல. ப்ரைம்95-ஐ ஓடவிட்டு, நான்கு கோருக்கும் முழு வேலை கொடுத்தபின் தெரியும் எண்ணையே குறித்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்

முழு வேலையிலும் ஏறாவிட்டால், சிப்பும் மதர்போர்டும் ஓவர்கிளாக்குக்கு இடம் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெயரின் கடைசியில் 'கே' இருந்தால் மல்டிபிளையர் திறந்திருக்கிறது. ஆனால் அதே சிப்பை எச்67 போர்டில் பொருத்தினால் வேகத்தை ஏற்ற முடியாது. பி67, இசட்68 போன்ற போர்டு வேண்டும். கடிகாரத்தையே 100-க்கு மேல் தள்ளுவதும் வழியல்ல. பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா ஆகியவற்றின் கடிகாரமும் அதோடு பிணைந்திருப்பதால் சில மெகாஹெர்ட்ஸ் கூடினாலே கணினி தடுமாறும்.

புதன்

அடுத்தது, மாற்றம் பயாஸில் நிலைத்ததா என்பது. சேமிக்காமல் வெளியேறினால் பழைய மதிப்பே இருக்கும். புதிய வேகத்தில் கணினி கிளம்பத் தவறினால், பல போர்டுகள் தாமாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதியும் நேரமும் சேர்ந்து அழிந்தால், போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்ற வேண்டும்.

வியாழன்

பயாஸில் 44 பத்திரமாக இருந்தும் முழு வேலையில் 33-ஐத் தாண்டவில்லை என்றால், டர்போ அணைந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்தத் தலைமுறைச் சிப்புகளில் அடிப்படைக்கு மேலான வேகம் டர்போ வழியாகவே வருகிறது. அதை அணைத்துவிட்டு மல்டிபிளையரை ஏற்றிப் பயனில்லை. 34-இல் நின்றால் டர்போ வேலை செய்கிறது, ஆனால் நான்கு கோருக்கான மதிப்பு மாறவில்லை என்று பொருள். ஒரு கோருக்கு மட்டும் 44 கொடுத்து, இரண்டு, மூன்று, நான்கு கோருக்கான பயாஸ் வரிகளை அப்படியே விட்டிருக்கலாம். விண்டோஸ் பவர் பிளானில் பிராசஸரின் அதிகபட்ச நிலை 100 சதவீதமாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளி

தொடக்கத்தில் 44 காட்டி, பிறகு இறங்கினால் அமைப்பு ஏற்கப்பட்டுவிட்டது. ஏதோ ஒரு வரம்பு குறுக்கிடுகிறது. மின் வரம்பு 95 வாட்டிலேயே இருந்தால் வேகம் குறையும். வெப்பம் 98 டிகிரி செல்சியஸை நெருங்கினாலும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அந்த நேரத்தில் வோல்டேஜைக் கூட்டுவது சூட்டையே கூட்டும். கூலர் சரியாகப் பதிந்திருக்கிறதா, தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதே முறை.

சனி

ஒரு நேரத்தில் ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, முழு வேலையில் வரும் மல்டிபிளையரையும் வெப்பத்தையும் எழுதி வைக்க வேண்டும். காரணம் தெரியும்வரை வோல்டேஜில் கை வைக்கக் கூடாது.