வெடிக்காத தீபாவளி

'பறவை பார்க்கப் போறோம்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். 'ஏன், நம்ம மொட்டை மாடியில காக்கா வர்றதில்லையா?' என்று பதில் வரும். எனக்கும் வந்தது.

ஆனாலும் ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, மதுரையிலிருந்து கிளம்பிவிட்டோம். பாங்க் கேஷியர் ஒருவன், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவன், பி.காம். படித்துவிட்டு எழுதிப் பிழைக்கிற நான். கூடவே கேஷியரின் எட்டு வயசுப் பையன். அவன் மடியில் காரைக்குடி தாத்தா வீட்டுக்குப் போகிற பட்டாசுப் பை. டிக்கியில் வைக்கலாம் என்றால் ஒரே அழுகை!

மேலூர் தாண்டினால் மழையில் நனைந்த செம்மண், வயல், கண்மாய், மறுபடி கண்மாய். சுமார் 50 கிலோமீட்டரில் வேட்டங்குடி. 1977-ல் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தமே சுமார் 38 ஹெக்டேர்தான். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரம் ஒவ்வொன்றும் தீபாவளி நேரத்து டவுன் பஸ் மாதிரி நிரம்பி வழிந்தது. கொக்கு, நீர்க்காகம், வக்கா, நத்தைகுத்தி நாரை...

"இத்தனை பேர் இருக்காங்க... ஒருத்தரும் பாலிசி எடுக்கலியேடா!" என்று பெருமூச்சு விட்டான் ஏஜென்ட்.

நத்தைகுத்தி நாரையின் அலகை பைனாகுலரில் பார்க்க வேண்டும். மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். நத்தையைக் கையாள வசதியான அமைப்பு. குஞ்சுக்கு அந்தச் சந்து கிடையாது. வளர்ந்த பிறகுதான் வரும். குடும்பஸ்தன் பட்ஜெட்டில் துண்டு விழுகிற மாதிரி!

கரையில் நின்ற உள்ளூர்ப் பையன் ஒருவன் பட்டாசுப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து கொள்ளுக்குடிப்பட்டியாம்.

"நீ என்ன வெடி வாங்கினே?" என்றான் நம்ம ஆள்.

"எங்க ஊர்ல வெடிக்க மாட்டாக. சத்தம் கேட்டா பறவையெல்லாம் கூட்டை விட்டுட்டுப் போயிரும்."

"ஒரு லட்சுமி வெடிகூடவா?"

"ம்ஹூம்."

பேப்பரில் படித்த விஷயம்தான். 'பறவைகளுக்காகப் பட்டாசைத் தியாகம் செய்த கிராமம்' என்று வருஷா வருஷம் போடுவார்கள். கணக்குப் படித்தவன் இல்லையா, எனக்கு ஒரு கேள்வி. இந்தத் தியாகம் யார் கணக்கில் பற்று எழுதப்படுகிறது? பெரியவர்களுக்குப் பட்டாசு நின்றால் லாபம். செலவு மிச்சம்! நஷ்டப்படுவது இந்த எட்டு வயசு. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் வருகிற சந்தோஷத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறான். பேப்பரில் அவன் பேர் வராது.

ஆடு ஓட்டி வந்த பெரியவரிடம் கேட்டேன்: "ஐயா, மழை பொய்ச்சு, பறவை வராத வருஷம் என்ன செய்வீங்க?"

"அப்பவும் வெடிக்கிறதில்ல தம்பி. விருந்தாளி என்னைக்கு வருவாகன்னு யாரு கண்டா? வர்ற அன்னைக்கு வீடு வீடா இருக்கணும்ல?"

பைனாகுலரை அந்தப் பையனிடம் கொடுத்தேன். சிரித்தான். "எனக்கு எதுக்குண்ணே? சும்மாவே தெரியுது!"

கார் கிளம்பியது. திருப்பத்தூர் வருகிற வரை நம்ம ஆள் பேசவேயில்லை. பிறகு பையை இறுக்கிக்கொண்டு மெல்லக் கேட்டான்:

"அப்பா... தாத்தா வீட்டுப் பக்கத்துல கண்மாய் இருக்கா?"

கேஷியர் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியே காக்காய் பார்க்க ஆரம்பித்தேன்.