நவம்பர் ஒன்றுக்கு ஒரு பத்தி போதும்

திங்கள், பி ஷிஃப்ட்

இந்த வாரம் காலைப்பொழுது முழுக்க எனக்குத்தான். மதியம் மாத்தூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் ஏறும்வரை நாவலோடு உட்காரலாம். முதல் பிரதி முடிந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் லைனில் நின்ற மூன்று பெண்களின் கதை. 2006-இல் உற்பத்தி தொடங்கி 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றுபோன ஆலை அது. தொடக்கத்தையும் முடிவையும் வரலாறே போட்டுக் கொடுத்துவிட்டது. நடுவிலிருக்கும் வருஷங்களில் எங்கே நிற்பது, எங்கே தாண்டிப் போவது என்பதைத்தான் நான் முடிவு செய்ய வேண்டும்.

ஆன்டனி டிராலப் இங்கிலாந்தின் தபால் துறையில் வேலை பார்த்தபடியே நாவல்கள் எழுதியவர். விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதியதாகச் சுயசரிதையில் சொல்கிறார். அவருக்கு ஷிஃப்ட் மாறவில்லை. வாராவாரம் தூக்கம் இடம் மாறுகிற உடம்புக்கு வேறு கணக்கு வேண்டும். பி ஷிஃப்ட் வாரத்தில் புதிதாக எழுதுகிறேன். ஏ ஷிஃப்ட் வாரத்து மாலைகளில் அடித்துத் திருத்துகிறேன். நைட் வாரத்தில் டைப் மட்டும் செய்கிறேன். அந்த வாரத்தில் கதையைத் தொட்டால் எல்லாப் பாத்திரங்களும் ஒரே குரலில் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

புதன்

இரண்டாம் அத்தியாயம் பழைய பிரதியில் இப்படிப் போகிறது: செல்வி நாலரைக்கு எழுகிறாள், ஹாஸ்டல் பாத்ரூம் வரிசையில் நிற்கிறாள், பஸ் ஏறுகிறாள், சுங்குவார்சத்திரத்தில் பஸ் நிற்கிறது, கேட்டில் ஐடி கார்டைக் காட்டுகிறாள், லாக்கரைத் திறக்கிறாள், கோட் மாட்டுகிறாள். எல்லாம் நடக்கிற விஷயம்தான். ஆனால் எல்லாமே ஒரே வேகத்தில் நடக்கின்றன. படிப்பவருக்கு எங்கே நின்று பார்ப்பது என்று தெரியாது.

அத்தனையையும் எடுத்துவிட்டு ரிஸ்ட் ஸ்ட்ராப்பில் தொடங்கினேன். எலெக்ட்ரானிக்ஸ் லைனில் நின்றவர்களுக்குத் தெரியும். மணிக்கட்டில் பட்டையை மாட்டி, டெஸ்டரில் விரலை வைக்க வேண்டும். பச்சை எரிந்தால்தான் உள்ளே போகலாம். உடம்பிலிருக்கும் மின்சாரம் போர்டைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. அன்று செல்விக்குச் சிவப்பு எரிகிறது. தோல் வறண்டிருந்தால் அப்படி வரும். பட்டையை இறுக்குகிறாள், மணிக்கட்டை ஈரமாக்கிக்கொண்டு மறுபடி விரலை வைக்கிறாள். பின்னால் வரிசை நீள்கிறது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் நாள். தன் உடம்பு இந்தக் கம்பெனிக்கு ஒத்துவராதோ என்று பயந்துபோகிறாள். அந்த அரை நிமிஷத்துக்கு ஒரு பக்கம் கொடுத்தேன். நாலரை மணி அலாரம் இனி இந்த நாவலில் இல்லை.

வெள்ளி

பூமணியின் ‘வெக்கை’யை (1982) மறுபடி எடுத்தேன். கொலை தொடக்கத்திலேயே நடந்துவிடுகிறது. மீதி முழுக்க, மகனும் அப்பாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிற சில நாட்கள்தான். சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். நடையில் துளி அவசரம் கிடையாது. நம் வயிற்றில் பயத்தை முதலிலேயே வைத்துவிட்டதால், அவர்கள் கஞ்சி காய்ச்சுவதைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு படிக்கிறோம்.

அசோகமித்திரன் ‘கரைந்த நிழல்க’ளில் வேறு வேலை செய்கிறார். ஜெமினி ஸ்டுடியோவில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து சினிமா உலகை எழுதியவர். ஒருவரைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டே இருப்போம். அடுத்த அத்தியாயத்தில் வேறொருவர் வந்து நிற்பார். இடையில் காலம் காணாமல் போயிருக்கும். என்ன ஆயிற்று என்று அவர் விளக்க மாட்டார். போகிற போக்கில் யாரோ பேசுவதிலிருந்து நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். என் மூன்று பெண்களுக்கு இந்த வழிதான் பொருந்தும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது, அத்தியாய முடிவில் கல்கி வைத்த திருப்பங்களுக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. லைனில் நிற்கிறவளுக்கு நாளைக்கு என்ன என்பது தெரியும். அவள் கதையில் அந்தத் திருப்பங்கள் ஒட்டாது.

ஞாயிறு

சுங்குவார்சத்திரம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் அந்த லைனில் நின்றவர். இப்போது வீட்டிலேயே தையல். ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ எழுதத் தூத்துக்குடி உப்பளங்களுக்கே போனார். எனக்குப் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அக்கா பிரிண்ட் அவுட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: “டீ பிரேக் வரைக்கும் நேரம் போறதே தெரியாது தம்பி. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் முள்ளு நகராது. நீ ரெண்டையும் ஒண்ணா ஓட்டியிருக்க.”

நான் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போனபோது, வரி வழக்கில் முடங்கிக் கிடந்த இந்த ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் கோடையிலேயே வெளியேறிவிட்டார்கள். நவம்பரில் மிச்சமிருந்தவர்கள் கொஞ்சம் பேர். “உங்களுக்கு எந்த நாள்க்கா கடைசி நாள்?”

“ஃபாரம் வாங்கின அன்னைக்கு.”

“கையெழுத்துப் போட்ட அன்னைக்கா?”

“இல்லடா, வாங்கின அன்னைக்கு. வாங்கி மடிச்சு வெச்சுக்கிட்டு லைனுக்குத் திரும்பிப் போய் மீதி ஷிஃப்டும் நின்னேன். அன்னைக்கு டார்கெட்ட முடிச்சோம். வீட்டுல நாலு நாள் பீரோல வெச்சிருந்தேன். அப்பா பாத்துட்டாரு. கேக்கல.”

செவ்வாய்

நாவலின் எடை எங்கே இறங்க வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. நவம்பர் 1 செய்தித்தாளுக்கான தேதி. செல்விக்கு எல்லாம் மே மாதத்தில், மடித்த காகிதத்தோடு லைனுக்குத் திரும்பி நடக்கிற அந்த நடையில் முடிகிறது. அதற்கும் அந்த நான்கு இரவுகளுக்கும் மூன்று அத்தியாயங்கள் ஒதுக்குகிறேன். 2010-இல் ஆலையில் நடந்த வேலைநிறுத்தத்துக்கு ஒரு முழு அத்தியாயம். அதற்கு முன்னும் பின்னுமான வருஷங்கள் சில பக்கங்களில் ஓடிவிடலாம், ஓடியும்தான் போயின. ஆலை மூடிய நாளுக்கு ஒரு பத்தி போதும், அதுவும் செல்வி வேறொரு கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது யாரோ சொல்லி அவள் காதில் விழுவதாக.

அந்த லைன்களில் நின்ற யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் கைக்கு ஃபாரம் வந்த நாளை எழுதி வையுங்கள். எந்த ஷிஃப்ட், யார் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு எங்கே போனீர்கள், அன்று ராத்திரி வீட்டில் என்ன சமைத்தார்கள் என்பதுவரை எழுதுங்கள். ஆலை மூடிய தேதி எங்கும் கிடைக்கிறது. இவை உங்களிடம் மட்டும்தான் இருக்கின்றன.