பண்டிங் ஏரிக்கரையில் ஒரு மாலை

கிரிக் பட்டணத்தைத் தாண்டும்போது என் கைப்பேசியில் 6 விழுக்காடு மின்சாரம்தான் மிச்சம். அம்மாவுடையது ஈப்போவிலேயே உயிரை விட்டிருந்தது. சார்ஜர் வயரைக் காணவில்லை. வீட்டில் மறந்துவிட்டேன் என்று என்னை நானே திட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினேன்.

சாதாரணப் பயணமாக இருந்தால் கவலையில்லை. தங்கைக்குக் கோத்தா பாருவில் முதல் பிரசவம். ஆசிரியை வேலை கிளந்தானில் கிடைத்ததிலிருந்து அவள் அங்கேதான். சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே வலி வந்துவிட்டது. காலையில் வானொலி நிகழ்ச்சியை முடித்த கையோடு, கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் போய் அம்மாவை ஏற்றிக்கொண்டேன். வழியெல்லாம் மாப்பிள்ளைக்கு அழைத்து அழைத்தே இருவர் கைப்பேசியும் காலி.

கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையை அறிந்தவர்களுக்கு என் பயம் புரியும். 100 கிலோமீட்டருக்கு மேல் காடும் மலையும்தான். யானைப் படம் போட்ட மஞ்சள் பலகைகள் வெறும் அலங்காரம் இல்லை. யானைகள் கீழே கடந்து போகட்டும் என்று ஓரிடத்தில் சாலையையே தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள். 1982இல் திறந்தபோது கம்யூனிஸ்ட் பயமும் சேர்ந்திருந்தது. இராணுவக் காவல் போட்டு, இரவில் சாலையை மூடிவிடுவார்களாம். "உங்க அப்பா லாரி ஓட்டுன காலத்துல, சாயங்காலம் கேட்டு சாத்துறதுக்குள்ள தாண்டிடணும்னு சாப்பிடாமகூடப் போவாரு" என்றார் அம்மா.

பண்டிங் வந்ததும் ஏரி தெரிந்தது. தெமெங்கோர் அணை கட்டியதில் உருவான ஏரி அது. முன்பு குன்றுகளாக இருந்தவை இப்போது தீவுகள். தண்ணீருக்கு மேல் பட்டுப்போன மரங்களின் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ராயல் பெலும் காட்டுக்குப் போகும் படகுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாச்சிப் பறவைகளும் இந்தக் காட்டில் உண்டு. அன்று ஒன்றைக்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வடை சாப்பிடும்மா" என்று அம்மா பையைத் திறந்தார். வடை டப்பாவுக்கு அடியில் சார்ஜர் வயர்! "நீ மறந்துடுவேன்னு நான்தான் எடுத்து வச்சேன்" என்றார். என்ன சொல்ல?

படகுத்துறைப் பக்கம் வண்டியை நிறுத்தினேன். இரண்டு கோடு சிக்னல் இருந்தது. இதற்கப்பால் வெகுதூரத்துக்குக் கிடைக்காது என்பது முந்தைய பயணங்களில் தெரிந்ததுதான். "தகவல் வர்ற வரைக்கும் இங்கேயே இருப்போம்" என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மணி நாலு.

ஒரு காலத்தில் சிகரெட் பற்றவைக்கக் கொடுத்த அந்த 12 வோல்ட் துளை, என் காடியில் சாவியை எடுத்துவிட்டால் வேலை செய்யாது. சில கார்களில் சாவி இல்லாமலும் மின்சாரம் வரும். என் பழைய வண்டிக்குச் சாவியை ஒரு படி திருகி வைக்க வேண்டும். "இஞ்சினை ஓடவிடாதே, எண்ணெய் வீணாகும்" என்றார் அம்மா. எனக்கும் ஓடவிட மனமில்லை. ஏசியைப் போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கியவர்கள் நச்சுப்புகையில் இறந்த செய்தியை எத்தனை முறை ஒலிபரப்பியிருக்கிறோம்.

கைப்பேசி மெல்ல ஏறியது. 9. 14. ஏரிக்கரையானாலும் புழுக்கம் தாங்கவில்லை. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டார். குளிர் வராவிட்டாலும் காற்றாவது வரட்டும் என்று சாவியை இன்னொரு படி திருகி, விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். தொழில் பழக்கம், வானொலியும் ஓடிக்கொண்டிருந்தது.

31 விழுக்காட்டில் அழைப்பு வந்தது. மாப்பிள்ளை குரல் நடுங்கியது. "அக்கா, பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க." அம்மா கைப்பேசியை வாங்கி ஒன்றும் பேசாமல் காதில் வைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் "குளிப்பாட்டிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மணி ஐந்தேகால். இருட்டுவதற்குள் ஜெலியைத் தொட்டுவிடலாம் என்று சாவியைத் திருகினேன். டக். டக். டக். முகப்பு விளக்குகள் மங்கி அணைந்தன.

கைப்பேசி பிழைத்துக்கொண்டது. வண்டி செத்துவிட்டது.

எங்கள் முழியைப் பார்த்து, படகு கட்டிக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் வந்தார். சாவி நின்ற இடத்தையும் விசிறியையும் பார்த்ததும் சிரித்துவிட்டார். "பேட்டரி கோங், காக்" என்றார். கைப்பேசிமேல் நான் பழிபோட, தலையை ஆட்டி மறுத்தார். அது குடிக்கும் மின்சாரம் ஒரு ஆம்பியர்கூட வராது. நல்ல பேட்டரியாக இருந்தால் சில மணி நேரம் தாங்கும். முழு வேகத்தில் சுற்றும் விசிறி அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். பேட்டரிக்கு எத்தனை வயது என்று கேட்டார். மூன்று முடிந்துவிட்டது என்றேன். மறுபடியும் சிரித்தார்.

தன் வண்டியை மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு வயர் இரண்டு பேட்டரியிலும் கூட்டல் முனைக்கு. கறுப்பு வயரின் ஒரு முனை அவருடைய பேட்டரியின் கழித்தல் முனைக்கு. மறுமுனையை மட்டும் என் இஞ்சினில் வண்ணம் பூசாத ஓர் இரும்புப் பகுதியில் கவ்வவிட்டார். பேட்டரிக்கு மேல் தீப்பொறி பறக்கக்கூடாதாம். சில நிமிடங்கள் அவர் வண்டி உறுமியது. பிறகு என்னுடையது இருமிக்கொண்டு எழுந்தது.

பணம் நீட்டினேன், வாங்கவில்லை. அம்மா கொடுத்த வடையை வாங்கிக்கொண்டார். பேத்தி பிறந்த கதையை அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொல்ல, "கோத்தா பாரு போய்ச் சேரும் வரை அணைக்காதீர்கள்" என்று எச்சரித்து அனுப்பினார்.

தித்திவங்சா ஓய்விடத்தில் மூடுபனி. அம்மா கழிப்பறைக்கு இறங்க, நான் ஓடும் வண்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். அதைத் தாண்டி ஒரு வளைவில், சாலை நடுவே புத்தம் புதிய யானைச் சாணம். விளக்கொளியில் ஆவி பறந்தது. நாங்கள் இருவருமே மூச்சு விடவில்லை.

மருத்துவமனை வாகன நிறுத்துமிடத்தில் சாவியில் கை வைத்துத் தயங்கினேன். அணைத்துவிட்டால் திரும்ப எழுமா? கேட்கலாம் என்று திரும்பினால் அம்மா இல்லை. வடை டப்பா இருக்கையில் கிடந்தது. பையும் கையுமாக அவர் வாசல் படியேறிக்கொண்டிருந்தார்.