வட்டியில்லாக் கடன் கூடுமா?



2012ஆம் ஆண்டு ரமளானுக்குச் சற்று முன், ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு இலண்டனிலிருந்து நம் சாச்சி மகன் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்த பின், "காக்கா, வட்டியே இல்லாத கடன் வாங்குனா கூடுமா?" என்று கேட்டார். கூடும் என்றோம். கர்ழுன் ஹஸனின் சிறப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னோம். யாரிடம் வாங்குகிறாய், எதற்கு, எப்போது திருப்பித் தருவாய் என்று நாம் கேட்கவில்லை. அந்தக் குறை நம்முடையது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

தம்பி மென்பொருள் எழுதுபவர். வேலை செய்தது ஒரு வங்கியில். ஆனால் அவர் வங்கியின் ஊழியர் அல்லர். வங்கி ஓர் ஏஜென்சிக்குப் பணம் கொடுக்கும், ஏஜென்சி இன்னொரு நிறுவனத்துக்கு, அந்நிறுவனம் தம்பிக்கு. பிரிட்டனில் இப்படி ஒப்பந்த வேலை செய்வோர் பலர் சொந்தமாக ஒரு சிறு கம்பெனி வைத்து, சம்பளத்தைக் குறைவாகவும் மீதியை இலாபப் பங்காகவும் எடுத்து வரியைக் குறைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. அதைத் தடுக்க 2000 ஏப்ரலில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. 1999இல் வெளியான அரசு அறிவிப்பின் எண்ணே அதற்குப் பெயராகி, ஐஆர்35 என்று நிலைத்துவிட்டது. இடையில் நிற்கும் கம்பெனியை நீக்கிவிட்டுப் பார்த்தால் இவர் அந்த முதலாளியின் ஊழியர்தானா என்பதே விதியின் கேள்வி. வேலையை எப்படிச் செய்வதென்று கட்டளையிடுபவர் யார்? தமக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப இவருக்கு உரிமை உண்டா? ஊழியர் என்று தெரிந்தால் ஊழியருக்குரிய வரியைக் கட்ட வேண்டும்.

ஃபிக்ஹு படித்தோருக்கு இது புதிதன்று. தன் நேரத்தை ஒருவருக்கே ஒப்புக்கொடுத்த கூலியாள் அஜீர் காஸ். பலருடைய துணியையும் வாங்கித் தைக்கும் தையற்காரர் அஜீர் முஷ்தரக். பொருள் கெட்டால் யார் பொறுப்பு என்று முடிவு செய்ய நம் இமாம்கள் பிரித்ததை, அவர்கள் வரிக்காகப் பிரித்திருக்கிறார்கள்.

இவ்விதிக்கு அஞ்சியவர்களைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். மாதந்தோறும் குறைந்தபட்சக் கூலி அளவுக்கு ஒரு சம்பளம். மீதிப் பெரும்பகுதி ஏதோ ஒரு தீவில் பதிவான டிரஸ்டிலிருந்து கடன். கடன் வருமானம் ஆகாதென்பதால் அதற்குப் பெயரளவிலேயே வரி. தரகர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வார். கடனைத் திருப்பிக் கேட்கவே மாட்டோம் என்றும் சொன்னார்களாம். வாயால்தான் சொன்னார்கள், தாளில் எழுதவில்லை.

தம்பி வட்டி இல்லை என்பதை மட்டும் பார்த்தார். வட்டிக்கு அஞ்சி இன்றுவரை வாடகை வீட்டில் இருப்பவர் அவர். அவருக்கு ஏற்ற சொல்லைத் தரகர் தேர்ந்தெடுத்திருக்கிறார். நாமும் அறியாமல் அதற்கு முத்திரை குத்தினோம்.

2017 ஜூலையில், கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழக வழக்கில், டிரஸ்ட் வழியாகச் சுற்றிப் போன பணமும் ஊதியமே என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கடன்களின் மீது தனி வரி விதிக்கும் சட்டமும் நிறைவேறியது. 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் நிற்கும் இத்தகைய கடன்கள் அனைத்தும் ஒரே ஆண்டின் வருமானமாகக் கொள்ளப்படும். 1999 வரை பின்னோக்கிச் சென்ற சட்டத்தைப் பின்னர் மறுஆய்வு செய்து, 2010 டிசம்பர் 9க்கு முந்தியவற்றை விலக்கினார்கள். வருமானத்தை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக் காட்டவும் இடம் தந்தார்கள். தம்பியின் கடன்கள் 2012க்குப் பிந்தியவை, விலக்கில் வரவில்லை. திட்டத்தை விற்ற கம்பெனியோ அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. விற்றவனை விட்டுவிட்டு வாங்கியவனைப் பிடிப்பது நியாயமா என்று நாமும் பொருமினோம். ஆயினும், கடன் என்று எழுதப்பட்டதைக் கொடுத்தவரும் நம்பவில்லை, வாங்கியவரும் நம்பவில்லை என்பதை மறுக்க முடியவில்லை.

ஊரில் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்று அவர் வரியைக் கட்டினார். அத்துடன் முடிந்ததென்று நினைத்தோம். வரி கட்டியதால் கடன் தீர்வதில்லையாம்! பழைய கடன் பத்திரங்களை விலைக்கு வாங்கிய வேறு யாரோ, பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தம்பிக்குக் கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

"காக்கா, இது என் மேல கடன்தானா? நான் மவுத்தாயிட்டா புள்ளைங்க சொத்தைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதை அடைக்கணுமா?"

இம்முறை நாம் உடனே பதில் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் சொல்லைப் பார்ப்பதா, பொருளைப் பார்ப்பதா என்பதில் நம் ஷாஃபிஈ நூல்களில் விவாதம் நீளம். பொருளைப் பார்த்தால் அது கூலி, அவர் உழைத்துப் பெற்றது. சொல்லைப் பார்த்தால் கடன். தாள்களை அனுப்பச் சொல்லி, ஆங்கிலம் நன்கறிந்த வழக்கறிஞர் ஒருவருடன் அமர்ந்து படித்தோம். கேட்டவுடன் திருப்பித் தருவேன் என்ற வரி அதில் இருந்தது. கீழே அவருடைய கையெழுத்தும் இருந்தது.

இலண்டனில் ஒரு வழக்கறிஞர் இப்போது அதைப் பார்த்து வருகிறார். முடிவு தெரியும்வரை அத்தொகையையும், அது எப்படி வந்ததென்பதையும் வஸிய்யத்தில் எழுதி வைக்கச் சொன்னோம். சென்ற வெள்ளியன்று எழுதிவிட்டு, ஒரு பிரதியை நமக்கும் அனுப்பியிருக்கிறார்.