எங்கள் கொல்லையில் ஒரு சன்செட் பாயின்ட்

காவிரித் தண்ணீர் பற்றி டிவியில் செய்தி ஓடும்போதெல்லாம் பிலிகுண்டுலு என்று ஒரு பெயர் வரும். கர்நாடகத்திலிருந்து வருகிற தண்ணீரை மத்திய நீர் ஆணையம் அளக்கிற இடம். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி என்று சொன்ன தீர்ப்பும் அங்கே ஓடுகிற தண்ணீரை வைத்துத்தான். எங்கள் ஊர் நாட்றாம்பாளையம் அதற்குப் பக்கம். பிலிகுண்டுலுவைத் தெரிந்தவர்களுக்கும் எங்கள் ஊரைத் தெரியாது. ஆனால் பெங்களூர் பைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ஒகேனக்கல் என்று காட்டுக்குள் வளைந்து இறங்குகிற ரோடு அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ரோடு. காலையில் கேஏ நம்பர் பிளேட்டுகள் வரிசையாகப் போகும். டீக்கடையில் நிற்பார்கள், மலையைப் போட்டோ எடுப்பார்கள், பொழுது சாய்வதற்குள் போய்விடுவார்கள்.

அந்தப் பொழுது சாயும் நேரத்தைத்தான் ஒருவர் எங்களிடம் குத்தகைக்குக் கேட்டு வந்தார்.

எங்களுக்கு மூன்று ஏக்கர் கொல்லை இருக்கிறது. பட்டா நிலம். இரண்டு மலைக்கு நடுவில் சரிந்து இறங்கி, கீழே ஓடையில் போய் முடியும். ஓடைக்கு அந்தப் பக்கம் காடு. மேற்கே மறைப்பே இல்லை. வந்தவர் கொல்லையில் நடந்து பார்த்தார், போனில் எதையோ வைத்துத் திசை பார்த்தார், "சார், இந்த வியூவுக்கே காசு" என்றார். பதினைந்து வருஷக் குத்தகை. மேட்டில் நாலு டெண்ட். சரிவில் குவாட் பைக் ஓட்ட மண்பாதை. சாயந்திரம் ஒரு கைடு முன்னால் போக, பத்து வண்டி பின்னால் போய், ஓடைக்கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும். வருஷத்துக்கு மூன்று லட்சம். ராகியும் கொள்ளும் அவரையும் போட்டு நாங்கள் நாலு வருஷத்தில் சேர்த்துப் பார்க்காத பணம்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஓசூரில் வேலை செய்கிற என்னிடம், "நீ போயி அது இன்னான்னு பாத்துட்டு வா" என்றார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை தளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். தளியை வெள்ளைக்காரர்கள் குட்டி இங்கிலாந்து என்றார்களாம். இப்போது அந்த ரோடு முழுக்க ரோஜாவுக்கான பசுமைக்குடில்கள், நடுவில் தைலமரத் தோப்புகள். ஒரு தோப்பைத் தாண்டினால் ரிசார்ட். வரவேற்பறைச் சுவரில் பெரிய படம்: ரோஸ் நிறப் பாறைகளுக்கு நடுவே புழுதி பறக்க வரிசையாக குவாட் பைக்குகள், பின்னால் சிவப்புச் சூரியன். துருக்கியின் கப்படோக்கியா. எரிமலைச் சாம்பல் இறுகி, மழையும் காற்றும் அரித்து உண்டாக்கிய பள்ளத்தாக்குகள். 1985இலிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற இடம். அந்திநேர குவாட் பைக் சவாரி அங்கே அன்றாடத் தொழில். அந்தப் படத்தைத்தான் இங்கே தைலமரத்துக்கு நடுவில் விற்கிறார்கள்.

நாற்பது நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். ஹெல்மெட் கொடுத்தார்கள். "நடந்தால் நானே பொறுப்பு" என்கிற மாதிரி ஒரு தாளில் கையெழுத்து. கைடு இருபத்திரண்டு வயசு இருக்கும். விருந்தினர்களிடம் கன்னடமும் கொஞ்சம் இங்கிலீஷும். என் பேச்சைக் கேட்டதும், "ண்ணா, நீங்க எந்தப் பக்கம்?" என்றான். ஊர் பேரைச் சொன்னதும் சிரித்தான். அவனுக்கு ஜவளகிரிப் பக்கம்.

தினமும் பைக் ஓட்டுகிறவனுக்கு இந்த வண்டி முதலில் பிடிபடாது. ஆக்சிலேட்டரைத் திருகுவது கிடையாது. வலதுகைக் கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்பை அழுத்த வேண்டும். மேடுபள்ளத்தில் உடம்பு பின்னால் தூக்கிப்போடும்போது கை தானாகத் திருகிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கமாக மாட்டியிருப்பதால், வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும். அதனால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். நாம் சீட்டில் நகர்ந்து உள்பக்கம் சாய்ந்தால்தான் திரும்பும். முக்கியமாக, சாய்கிறபோது காலைக் கீழே ஊன்றக் கூடாது. பைக்கில் அதுதான் நம்மைக் காப்பாற்றும் பழக்கம். இங்கே ஊன்றிய கால்மேல் நம் வண்டியின் பின்சக்கரமே ஏறிவிடும். "கால கீழ விடாதீங்கண்ணா, வண்டி உழுந்தாலும் விடாதீங்க" என்று மூன்று தடவை சொன்னான்.

ஓட்ட நன்றாக இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. பள்ளத்தில் இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு காலியிடம் வந்து போனது. ஓடை மணலில் சக்கரம் வழுக்கி, பிடித்து, மறுபடி ஏறியது. எனக்கு முன்னால் போன பெண் சத்தம்போட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். வாரம் முழுக்க பிளாண்டில் அளவுகோலை வைத்து உதிரிபாகங்களைச் சோதிக்கிறவன் நான். நாற்பது நிமிஷம் எந்த அளவும் பார்க்காமல் ஓட்டியது உடம்புக்குப் பிடித்திருந்தது.

இந்த வண்டியின் கதையும் வேடிக்கையானது. 1970இல் ஹோண்டா அமெரிக்காவில் மூன்று சக்கர வண்டியாகத்தான் விற்றது. பனிக்காலத்தில் பைக் விற்காது, அப்போதும் ஓட்ட ஒன்று வேண்டும் என்கிற கணக்கு. அது கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால் 1988இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டில் புதிதாக மூன்று சக்கர வண்டி விற்பதை கம்பெனிகள் நிறுத்தின. நாலு சக்கரம் நிலைத்தது. நியூசிலாந்திலும் பிரிட்டனிலும் ஆடு மேய்ப்பவர்களும் விவசாயிகளும் தினமும் ஓட்டுவது இதைத்தான். இந்தியாவிலும் ஒரு மாடலை ரோட்டில் ஓட்ட அனுமதி வாங்க, டிராக்டர் என்று பதிவு செய்து விற்றார்கள். எங்கோ விவசாய வண்டி. எங்கள் கொல்லைக்கு வருவதென்றால் மட்டும் முதலில் விவசாயம் வெளியே போக வேண்டும்.

சவாரியின் கடைசியில் ஒரு மேடு. அங்கே பலகை: சன்செட் பாயின்ட். வண்டிகளை வரிசையாக நிறுத்தினோம். கைடு கையைத் தூக்கியதும் எல்லோரும் என்ஜினை அணைத்தார்கள். அதுவரை கேட்காததெல்லாம் மெல்ல வந்தது. ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டே போனது. கீழே எங்கோ மாட்டு மணி. சூரியன் தைலமரங்களுக்குப் பின்னால் இறங்க, எல்லோரும் போனைத் தூக்கினார்கள். கைடு மட்டும் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா பாக்கற?"

"ஐப்பசி பொறந்துச்சின்னா வருங்கண்ணா. இப்ப வராது. இருந்தாலும் பாத்துக்குவேன்."

எது என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தி நேரத்தில் அதன் பேரைச் சொல்ல மாட்டார்கள். பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாக தேன்கனிக்கோட்டை, ஓசூர் சானமாவு வரை ராகிக் கதிர் முற்றுகிற மாதங்களில் கூட்டம் கூட்டமாக வருவது ஓசூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கம் காவிரிக் காடு. அங்கே வருகை போகை என்று இல்லை, எப்போதும் உண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு சரணாலயத்தையும், 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டருக்குக் காவிரி தெற்கு சரணாலயத்தையும் அரசு அறிவித்தது. தெற்கு சரணாலயம் கர்நாடகத்தின் காவிரிச் சரணாலயத்தோடு இதை இணைக்கிறது. வரைபடத்தில் மாநில எல்லை இருக்கிறது. யானைக்கு அது ஒரே காடு.

அந்த மேட்டில் நின்றபோது, எப்போதோ படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. 1984இல் கேட்டி பெய்ன் என்கிற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதில் ஒன்றும் விழாமல் காற்றில் மட்டும் ஓர் அதிர்வை உணர்ந்தார். யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத தாழ்ந்த சுருதியில் பேசிக்கொள்கின்றன என்பது அதிலிருந்துதான் தெரியவந்தது. பிறகு நமீபியாவின் எத்தோஷா சமவெளியில் இன்னொரு குழு கணக்குப் போட்டது. பகலில் தரை சூடாகிக் காற்று மேலே ஏறுவதால் சத்தம் சிதறிவிடும். பொழுது சாய்ந்ததும் தரையோரம் குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடிபோல் நிற்க, ஓசை தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். நல்ல சாயந்திரத்தில் ஒரு யானையின் குரல் பத்து கிலோமீட்டர் வரைக்கும் எட்டலாம்.

இது எங்கள் ஊரில் ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். மத்தியானம் பஸ் ஊருக்குள் வந்து நின்றால்தான் வந்ததே தெரியும். ஏழு மணி பஸ் மலைத் திருப்பத்தில் கியர் மாற்றும்போதே, "பஸ்ஸு வந்துடுச்சி" என்று அம்மா களி கிண்ட உட்காருவாள். பள்ளத்தாக்கு முழுக்கக் காதாகிற நேரம் அது. கூட்டத்தில் பிரிந்து மேய்ந்தவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்கிற நேரம். சரியாக அந்த நேரத்தில் பத்து என்ஜின்களை ஓடைக்கரைக்கு ஓட்டிப்போவதற்குத்தான் எங்களுக்கு மூன்று லட்சம்.

இதன் பின்கதை எப்படி இருக்கும் என்பதற்கு முதுமலைப் பக்கம் பார்த்தால் போதும். யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் பற்றிய வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழித்தடம்தான் என்று உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் மசினகுடியில் ஒரு விடுதிப் பக்கம் வந்த யானைமேல் எரிகிற தீயை வீசிய வீடியோவை எல்லோரும் பார்த்தோம். அந்த யானை செத்துப்போனது. விடுதி வைக்கிறவர் எல்லோரும் கொடுமைக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறு மணிக்கு மேல் அந்த இடத்தில் ஆள் இருந்தாக வேண்டும் என்கிற தொழில், என்றைக்காவது ஒருநாள் யானையைத் துரத்தியாக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

ஊருக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெம்பு, சக்கரம், விலை, கைடு. அப்பா கேட்டது ஒன்றே ஒன்று.

"வண்டி சத்தம் எத்தன மணி வரைக்கும்?"

குத்தகைக்குக் கேட்டவருக்கே போன் போட்டோம். அஞ்சு மணிக்குள் என்ஜினை நிறுத்திவிடுவதாக எழுதிக் கொடுத்தால் யோசிக்கலாம் என்றார் அப்பா. அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அஞ்சு மணிக்கு மேலதான் சார் பிசினஸே. அஞ்சு மணிக்கு முன்னாடி வெயில்தான் இருக்கும், வெயிலுக்கு யார் காசு குடுப்பா?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் இதோடு முடியவில்லை. தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். அவன் ஓசூரில் கான்ட்ராக்டில் வேலை செய்து, காலம் முடிந்து திரும்பி வந்தவன். குத்தகைக்காரர் அவனைக் கைடாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

"உனுக்கு இன்னா, நீ ஓசூர்ல ரூம்ல தூங்கற. கார்த்திகை மாசம் பரண்ல யாரு உக்காந்துனுக்கீறது? நானு. பட்டாசு வெடிச்சி, டார்ச் அடிச்சி, கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கினு. அப்பிடியும் போன வருசம் அரை ஏக்கர மிதிச்சிட்டுப் போச்சி. அதுக்கு ஆனைக்குப் பாவம் பாக்கற. எனுக்குப் பாக்க மாட்டியா?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. காட்டோரக் கொல்லையில் ராகி போடுவதும் ஒரு வகையில் யானையோடு மல்லுக்கு நிற்பதுதான். பட்டாசும் சத்தம்தான். வித்தியாசம் உண்டா என்றால் உண்டு. கதிர் இருக்கிற இரண்டு மாசம் மட்டும் நாம் கத்துகிறோம். மீதி மாசமெல்லாம் விளக்கு வைத்ததும் கதவைச் சாத்திக்கொண்டு பள்ளத்தாக்கை விட்டுக்கொடுத்துவிடுகிறோம். ஆனால் இந்த நியாயத்தைத் தூக்கம் கெட்டவனிடம், நன்றாகத் தூங்குகிறவன் சொல்ல முடியாது.

கடைசியில் அம்மாதான் பேசினாள். "வேணான்னு சொல்றவன் வந்து காவல் காக்கட்டும்."

பொங்கல் வரைக்கும் யோசித்துச் சொல்லுங்கள் என்று குத்தகைக்காரர் நேரம் கொடுத்திருக்கிறார். முன்பணத்தை அப்பா வாங்கவில்லை, திட்டவட்டமாக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆடியில் ராகி விதைத்தாயிற்று. பரணுக்குப் புதுக் கொம்பு வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். தம்பி ஒரு தாளில் முறை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். சனி ராத்திரியும் ஞாயிறு ராத்திரியும் என்னுடையது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக பிளாண்டுக்குப் போக வேண்டும்.